இல்லாத ஓலையின் மொழிபெயர்ப்பு

களவு போன பொருளைக் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்த முதல் ஆள் அவர்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு மின்விசிறி. மேசைக்குப் பின்னால் என் மாமா, அம்மாவின் தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மூக்கு சும்மா இருக்கவில்லை, துப்பறியும் நிறுவனம் தொடங்கிவிட்டார். பக்கத்தில் நான். போர்டில் உதவியாளர், மாமா வாயில் வாயாடி. போன அத்தியாயத்தில் ஒரு பணக்காரரின் காணாமல் போன நாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். நாய்க்கு எங்களைப் பிடித்திருந்தது, பணக்காரருக்குத்தான் பிடிக்கவில்லை.

வந்த பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நரையை மறைக்காத தலை, இஸ்திரி கலையாத உடை. கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது திருட்டுப் பொருள்."

"எந்தக் கடையில சுட்டீங்க?" என்றேன்.

மாமா என்னை முறைத்தார். வந்தவர் முறைக்கவில்லை. "நான் திருடலம்மா. என்கிட்டயிருந்து திருடினது. காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன்."

அதற்கு மேல் என்னால் சிரிக்க முடியவில்லை.

புத்தகத்தின் பெயர் 'மரக்கலத் தச்சன்'. ஆசியவியல் புதிய நூல் வரிசையில் வந்திருந்தது. பழைய ஜாவா மொழியில், கப்பல் கட்டும் தச்சன் ஒருவன் தன் கடற்பயணத்தைப் பனையோலையில் எழுதிவைத்திருந்தானாம். அதன் முதல் தமிழ் மொழிபெயர்ப்பு. அட்டையில் மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்லுக்குக் கீழே ஒரு பேராசிரியரின் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டி மாதிரி. இந்தக் கதையில் நான் மொழிபெயர்ப்பாளர் என்று எழுதும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைத்தான் சொல்கிறேன். அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

"பேராசிரியர் உங்களுக்கு யாரு?" என்றார் மாமா.

"அத்தான். அக்காவோட வீட்டுக்காரர். என் ஆராய்ச்சிக்கும் அவர்தான் வழிகாட்டி. நடுவுல என் வாழ்க்கை சரியில்லாம போச்சு, படிப்பை விட்டுட்டு அக்கா வீட்டுலயே போய் இருந்தேன். தச்சனை மட்டும் விடல. பத்து வருஷம். அத்தான் வீடு, அத்தான் கம்ப்யூட்டர். அந்த வீட்டை விட்டு வரும்போது மிஷின் அவரோடது, அங்கேயே நின்னுடுச்சு. அதுக்குள்ள இருந்தது என்னோடது. இப்ப அதுவும் அவரோடதாம்."

"அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'ரெண்டு பேரும் ஒரே ஓலையைத்தானே மொழிபெயர்த்தோம், ஒரே மாதிரிதான் வரும்'னாரு. இந்தப் புத்தகத்துக்குப் பரிசு அறிவிச்சிருக்காங்க. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் பாராட்டு விழா. அதுக்குள்ள இது என்னோடதுன்னு நிரூபிச்சுக் குடுங்க. எனக்குன்னு வேற எதுவும் மிச்சமில்லைங்க."

குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

மாமா நாற்காலியில் சாய்ந்தார். உபதேசம் வரப்போகிறது என்று அர்த்தம். "ஒரு குடோன் எரிஞ்சுபோச்சு. ரெண்டு பங்காளிங்க, தனித்தனியா கிளெய்ம் போட்டாங்க. ரெண்டு பேரு எழுதினதும் ஒரே மாதிரி. கேட்டா, 'ஒரே குடோன், ஒரே சரக்கு, வேற எப்படி இருக்கும்?' அதுவும் நியாயந்தானே? நான் இருந்த சரக்கைப் பாக்கல, இல்லாத சரக்கைத் தேடினேன். அந்தக் குடோன்ல தையல் மிஷினே கிடையாது. ரெண்டு பேரும் ஒரு தையல் மிஷினுக்குக் காசு கேட்டிருந்தாங்க. ஒருத்தன் புளுகினான். இன்னொருத்தன் அதைப் பாத்து எழுதினான்."

"அதனால?"

"ஓலையில இருக்கறது ரெண்டு பேருக்கும் பொது. ஓலையில இல்லாதது ஏதாவது உங்க எழுத்துல இருந்து, அது அவர் புத்தகத்துலயும் வந்திருந்தா மாட்டினார். உங்க தையல் மிஷின் எங்க இருக்கு?"

"என் மொழிபெயர்ப்புல மூலத்துல இல்லாத ஒரு வார்த்தை கிடையாது." மாமா கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தன் பழைய அச்சுப் பிரதியை மேசையில் வைத்துவிட்டு, விடைபெற்றுப் படியிறங்கினார்.

"பாவம் மாமா," என்றேன்.

"பாவந்தான். ஆனா பொய் சொல்லிட்டுப் போறாங்க," என்றார் மாமா.

அடுத்த இரண்டு நாளும் எனக்குத் தண்டனைக் காலம். இடதுபக்கம் அவருடைய அச்சுப் பிரதி, வலதுபக்கம் பேராசிரியரின் புத்தகம், நடுவில் கம்ப்யூட்டர் திரையில் ஓலைகளின் படங்கள். மூலச் சுவடி ஒரு பெரிய நூலகத்தில் இருக்கிறது. ஓலை ஓலையாகப் படமெடுத்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த எழுத்தில் ஓர் அட்சரம் தெரியாது. தெரியாதவளுக்கு என்ன வேலை என்று கேட்டேன். எண்ணத் தெரியுமில்லையா, எண்ணு என்றார் மாமா.

இந்த ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம். மொழிபெயர்ப்பின் ஓரத்தில், இந்த இடம் எத்தனையாவது ஓலை என்று சின்னதாக எண் போடுவார்கள். சந்தேகம் வந்தால் மூலத்தைத் திறந்து சரிபார்க்கலாம். ஒருவரும் திறப்பதில்லை என்பது வேறு விஷயம். அறுபத்தொன்றாம் ஓலைவரை எல்லாம் சரியாக வந்தது. அடுத்த படம் அறுபத்துமூன்று என்றது. நூலகத்தின் குறிப்பிலேயே அறுபத்திரண்டு தொலைந்துபோனது என்று போட்டிருந்தார்கள். புத்தகத்தின் ஓரத்தில் மட்டும் அறுபத்திரண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"மாமா, தையல் மிஷின் கிடைச்சிடுச்சு."

"எவ்ளோ பெரிசு?"

"பெரிசெல்லாம் இல்ல. ஆனா பின்னட்டையிலயே இருக்கு. இதுக்குத்தான் பரிசே குடுத்திருக்காங்க."

உரக்கப் படித்தேன். தச்சன் வருடக்கணக்கில் கடலில் இருந்துவிட்டுத் திரும்புகிற இடம்.

'புறப்பட்ட அன்று நிலைக்காலில் என் பிள்ளையின் உயரத்துக்கு உளியால் ஒரு கோடு போட்டேன். நான் வரும்வரை வளர வளரக் கோடு போட்டு வை என்று மனைவியிடம் சொன்னேன். காய்ச்சலில் பிள்ளை போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. இருந்திருந்தால் இந்த மழைக்கு இவ்வளவு இருப்பாள் என்று கையால் அளந்து அளந்து போட்டாள். நான் திரும்பியபோது கோடு என் தோள்வரை வந்திருந்தது.'

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு அனுப்பினோம். படத்தையும் பக்கத்தையும் பார்த்தவர் கொஞ்ச நேரம் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அறுபத்தொண்ணுல அவன் கரையில இறங்கறான். அறுபத்துமூணுல, 'வாசலை எட்டியும் நான் உள்ளே போகவில்லை'ன்னு ஆரம்பிக்குது. நடுவுல என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கு அங்கேயே கை நின்னுடுச்சு. பல மாசம் ஒரு வரி ஓடல. அதான் நானே ஒண்ணு எழுதி ஒட்டுப் போட்டுட்டு மேல போனேன்."

"இதைத்தான் ஊரை ஏமாத்தறதுன்னு சொல்லுவாங்க," என்றேன். எனக்கு இந்த வாய் ஒரு வியாதி.

"இல்லம்மா!" முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "நீலத்துல எழுதியிருந்தேன். கறுப்புன்னா ஓலையோடது, நீலம்னா என்னோடது. வேலை செய்யறப்ப என் வழக்கம் அது. தெளிவில்லாத இடம், உடைஞ்ச இடம், எல்லாம் சேத்துப் பதினாறு இடம் நீலம். கடைசியில நீலத்தை எல்லாம் எடுத்துட்டு, 'இங்கே ஓர் ஓலை இல்லை'ன்னு குறிப்பு போடணும். அதுக்குள்ள அந்த வீட்டை விட்டே வந்துட்டேன்."

"உங்க பிரதியில நீலமே இல்லையே?"

"கடைப் பிரிண்டரும்மா. எல்லாத்தையும் கறுப்பாத்தான் அடிக்கும்."

மாமாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி யாருக்கோ ஆபத்து என்று எனக்குத் தெரியும். "அந்த நீலம் எதுக்குன்னு அத்தானுக்குத் தெரியுமா?"

"அவர் எதையும் கேக்க மாட்டாரு. சொல்லித்தான் பழக்கம்."

வெள்ளிக்கிழமை காலையில் பேராசிரியர் வீட்டில் இருந்தோம். நான் பத்திரிகைக்காரி, மாமா என் ஆசிரியர். விழா மலரில் பேட்டி வரும் என்று சொன்னதும் கதவு தானாகத் திறந்துகொண்டது. கூடத்தில் சுவர் முழுக்கப் புத்தகம், புத்தகம் இல்லாத இடத்தில் அவருடைய புகைப்படம். குரல் தேன். ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொன்னார், மூன்றும் அவரைப் பற்றியே. அவர் மனைவி, அதாவது மொழிபெயர்ப்பாளரின் அக்கா, தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனார்.

நான் தேநீரை என் மடியில் கொட்டிக்கொண்டேன். திட்டம் இல்லை, நிஜமாகவே கொட்டிக்கொண்டேன். கழுவலாம் என்று சமையலறைப் பக்கம் போனேன். அங்கே சாமான் அறைக் கதவு. அதன் நிலையில் பென்சில் கோடுகள்.

இடுப்புக்குக் கீழே ஆரம்பித்து, மேலே ஏறி, என் தோளைத் தாண்டிப் போயிருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு வருடம். உச்சிக் கோட்டுக்குப் பக்கத்தில் போன வருடத்துக்கு முந்தின வருடம் இருந்தது.

"உங்க பிள்ளையா?" என்றேன் அக்காவிடம். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"எங்களுக்குக் குழந்தை இல்லம்மா. தங்கச்சி பொண்ணு." அவர் குழாயைத் திறந்துவிட்டார். "கீழ இருக்கே நாலு கோடு, அதுவரைக்கும்தான் அவ இருந்தா. மத்ததெல்லாம் அவ அம்மா போட்டது. இந்த வீட்டுல இருந்தவரைக்கும், பொண்ணு பிறந்த நாள் வந்தா ஒரு கோடு."

நான் ஈரக் கையோடு கூடத்துக்குத் திரும்பினேன். மாமா அதற்குள் பொறியை வைத்துவிட்டிருந்தார்.

"பதிப்பகத்துல ஒரு சுவாரசியமான விஷயம் சொன்னாங்கய்யா," மாமா சர்க்கரையாகப் பேசிக்கொண்டிருந்தார். பதிப்பகத்தின் வாசல்படியைக்கூட நாங்கள் மிதித்ததில்லை. "உங்க ஃபைல்ல நடுநடுவுல நீல எழுத்து இருந்துச்சாமே? அது என்ன முறைன்னு வாசகர்களுக்குச் சொல்லலாமே?"

பேராசிரியர் சிரித்தார். "அதுவா! அது என் பழைய பழக்கம். சரிபார்த்து முடிச்ச பகுதியை நீலமாக்கிடுவேன். இன்னும் பார்க்க வேண்டியது கறுப்பு. ஒழுங்கு இல்லாம ஆராய்ச்சி ஏது?"

"அருமை." மாமா குறித்துக்கொண்டார். "நீலம் மொத்தம் பதினாறு இடம்தான் இருந்துச்சு. அப்போ மீதிப் புத்தகம் முழுக்க இன்னும் முடிக்காததா?"

தேன் குரல் நின்றது.

"முடிக்காத புத்தகத்துக்குப் பரிசு குடுத்துட்டாங்களேய்யா," என்றேன். "முடிச்சிருந்தா என்ன குடுத்திருப்பாங்க?"

மாமா ஓலைப் படங்களை மேசையில் பரப்பினார். அறுபத்தொன்று. அறுபத்துமூன்று. நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தார். "இந்த ஓலை உலகத்துலயே இல்ல. இல்லாத ஓலையை நீங்க எப்படி மொழிபெயர்த்து, சரிபார்த்து, நீலமாக்கினீங்கன்னு சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறோம்."

பேராசிரியரின் கண் இடைவெளியிலேயே நின்றது. அந்த மனிதர் நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. தன் பெயரில் வந்த புத்தகத்தின் மூலத்தை அவர் ஒருமுறைகூட வரிசையாகப் புரட்டியதில்லை என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"அவ... அவளா எழுதினா இதை?"

"உங்க வீட்டுச் சாமான் அறைக் கதவைப் பாத்துட்டு வாங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எந்தக் கதவு?"

"எந்தக் கதவுன்னு கேக்கறாரே," என்றார் பின்னாலிருந்து அக்கா. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "தினம் அதைத் தாண்டித்தான் சாப்பிட வர்றீங்க."

அவர் எங்களைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. ஓலைப் படங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீலம்னா அவளோடதுன்னு எனக்குத் தெரியும். ராத்திரி பகலா பக்கத்துல இருந்து பாத்தவ நான். அவ போனப்புறம் ஃபைலைத் தேடி எடுத்து இவருக்குக் குடுத்ததும் நான்தான். இவர் பதவி உயர்வுக்கு ஒரு புத்தகம் இல்லாம தவிச்சாரு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி புரூஃப் பாத்ததும் நான்தான். அந்தப் பக்கம் வந்தப்ப அடிச்சுடணும்னு பேனாவை எடுத்தேன். கை வரல. அடிச்சா அந்தக் குழந்தையை இன்னொரு தடவை அனுப்பி வைக்கற மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்."

திருடனைத் தேடி வந்தால் வீட்டுக்குள்ளே திருட்டைக் கையில் எடுத்துக் கொடுத்தவர் நிற்கிறார். கோபப்படலாம் என்று பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட என்னால் முடியவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பேராசிரியர் அதற்குள் சுதாரித்துக்கொண்டார். பதவியில் பழம் தின்று கொட்டை போட்டவர் அல்லவா! தேன் திரும்பி வந்தது. "சரி. வெளியில சொல்லுங்க. என்ன ஆகும்? நான் திருடினேன்னு சொல்லணும்னா, அவ இட்டுக்கட்டினான்னு சேத்துத்தான் சொல்லணும். ஒரு ஓலை பொய்னா மத்த ஓலையை எவன் நம்புவான்? என் பேரு கெடும், ஒத்துக்கறேன். ஆனா தச்சன் குப்பைக்குப் போவான். அவளோட பத்து வருஷமும் கூடவே போகும்."

அந்தக் கணக்கு சரி என்பதுதான் கொடுமை.

"நான் கல் நெஞ்சன் இல்ல," என்றார் பேராசிரியர். "அடுத்த பதிப்புல மொழிபெயர்ப்புன்னு அவ பேரைப் போடறேன். பதிப்பாசிரியர்னு மட்டும் நான் இருந்துக்கறேன். நாளைக்கு மேடையிலயே அறிவிக்கறேன். ஒரே ஒரு நிபந்தனை. அறுபத்திரண்டாம் ஓலை மூலத்துல இருந்ததுதான்னு அவ எழுதிக் கையெழுத்துப் போடணும்."

வாசல்வரை அக்கா வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட சொல்லுங்க. அவ என்ன முடிவு பண்ணாலும் சரி. நாளைக்குச் சபையில அவ பேசினா, நான் எழுந்து நின்னு ஆமான்னு சொல்றேன். இந்த ஒரு தடவையாவது சொல்றேன்," என்றார்.

அன்று பிற்பகலே மொழிபெயர்ப்பாளரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தோம். அக்காதான் ஃபைலை எடுத்துக் கொடுத்தார் என்றபோது மட்டும் கண்ணை மூடித் திறந்தார். நிபந்தனையைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கீழே கடையில் யாரோ கண்ணாடிச் சட்டத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது மேலே கேட்டது.

"பேருக்காகத்தான் நீங்க வந்தீங்க," என்றார் மாமா மெதுவாக. "கிடைச்சிடுச்சு. வாங்கிக்கிட்டா தப்புன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்."

"ஆமா. பேருதான் கேட்டேன்." அவர் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தார். "அந்தக் கோட்டைத் தச்சன் பொண்டாட்டிதான் போட்டான்னு நான் கையெழுத்துப் போட்டா, என் பொண்ணுக்குக் கோடு போட்டது யாருங்க? அவ இருந்தான்னு சொல்றதுக்கு அந்தக் கதவை விட்டா இந்தப் பக்கம் ஒண்ணுதான் இருக்கு. அதையும் எவனோ ஒரு தச்சனுக்கு எழுதிக் குடுத்துட்டு, அட்டையில என் பேரைப் பாத்துச் சந்தோஷப்படணுமா?"

"தச்சன் குப்பைக்குப் போவான்," என்றேன். எனக்கும் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியாக வேண்டும். "உங்க பத்து வருஷமும்."

"போகட்டும்மா. என் பொண்ணை விட்டுடச் சொல்லுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் பல்கலைக்கழக அரங்கில் முக்கால்வாசி நாற்காலிகள் நிரம்பியிருந்தன. வாசலில் நீள மேசை போட்டு ஆசியவியல் புதிய நூல்களை அடுக்கியிருந்தார்கள். கல்வெட்டு, வணிகப் பாதை, கடல் சட்டம், ஒவ்வொன்றும் தூக்கினால் கை வலிக்கிற கனம். 'மரக்கலத் தச்சன்' மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் பின்னட்டையைத்தான் படித்தார்கள். ஒரு பெண் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, பிடித்துத் தள்ளலாம் போலவும் இருந்தது.

மேடையில் பேராசிரியர், பக்கத்தில் முன்னுரை எழுதிய முதிய ஆய்வாளர். இந்தத் துறையில் அவரைவிடப் பெரியவர் கிடையாதாம். நல்ல மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. தண்ணீர் வைத்த பையனுக்குக்கூட எழுந்து நன்றி சொன்னார். முன்னுரையில் பாதியை அறுபத்திரண்டாம் ஓலைக்கே எழுதியிருந்தார். முதல் வரிசையில் அக்கா. நாங்கள் மூவரும் நடுவில்.

கேள்வி நேரம் வந்ததும் மொழிபெயர்ப்பாளர் எழுந்தார். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னார். இந்த மொழிபெயர்ப்பு தன்னுடையது. அறுபத்திரண்டாம் ஓலை சுவடியில் இல்லை. அந்தப் பக்கம் தச்சனுடையது அல்ல, தான் எழுதியது. தன் பெண்ணுக்காக எழுதியது. அதைத் தயவுசெய்து புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. அரங்கம் காதோடு காது பேச ஆரம்பித்தது.

பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். முகத்தில் இரக்கம் சொட்டியது. "அவங்க என் மனைவியோட தங்கை. என் மாணவி. நூலகச் சுவடியில அந்த ஓலை இல்லைங்கறது உண்மைதான். தனியார் சேகரிப்புல இன்னொரு பிரதி இருக்கு. பேரை வெளியிடக் கூடாதுன்னு நிபந்தனை. அதிலிருந்துதான் நான் எடுத்தேன்." குரலைத் தாழ்த்தினார். "ஒரே பொண்ணைப் பறிகொடுத்தவங்க. படிச்சப்போ தன் கதையாவே தோணியிருக்கு. அதைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரல."

அரங்கம் உச்சுக் கொட்டியது. "இது பொய்!" என்று எழுந்து கத்தினேன். மாமாவும் எழுந்தார், ஓலைப் படங்களை உயர்த்திப் பிடித்தார், நேற்று கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். நீங்க யாரு, எந்தத் துறை என்று ஒருவர் கேட்டார். இன்சூரன்ஸ் என்றார் மாமா. சிரித்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எங்களைப் பார்க்கவில்லை. முதல் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா," என்றார். ஒலிவாங்கியில் அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

அக்காவின் தோள் ஒருமுறை அசைந்தது. நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்தார். எழுந்துவிடுவார் என்று நான் நம்பினேன், சத்தியமாக நம்பினேன். பேராசிரியர் மேடையிலிருந்து மனைவியைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். அக்காவின் பிடி தளர்ந்தது. குனிந்து, மடியில் இருந்த பையின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் நிமிரவே இல்லை.

முதிய ஆய்வாளர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"உக்காருங்கம்மா. உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஐம்பது வருஷமா பழைய எழுத்தைப் படிச்சுக்கிட்டிருக்கறவன் நான், ஒண்ணு சொல்றேன். இப்பேர்ப்பட்ட துக்கத்தைச் சும்மா உக்காந்து கற்பனையில எழுதிட முடியாது. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்து, அதை அனுபவிச்சவங்கதான் எழுத முடியும்."

மொழிபெயர்ப்பாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாங்கய்யா," என்றார். "அனுபவிச்சவங்கதான்."

அவர் ஒத்துக்கொண்டுவிட்டதாக நினைத்து அரங்கம் கைதட்டியது.